தைலம்மையின் முழம்

கரண்டி முழங்கையில் இறங்கியது. இறங்கிவிட்டால் அப்புறம் காகிதத்தை அசைக்கக் கூடாது, தும்மக் கூடாது, வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது, முடிந்தால் மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும் என்பதெல்லாம் சலேத்மேரி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டங்கள். ஊரில் மற்றவர்களுக்கு அச்சு இயந்திரம் இருக்கலாம். திருச்சி பாலக்கரைச் சந்தில் நாற்பத்தெட்டு வயது டிராயிங் டீச்சருக்கு வாய்த்தது கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குழம்புக் கரண்டிதான். செதுக்கிய மரக்கட்டையில் மை உருட்டி, அதன்மேல் வெங்காயத் தோல் கனத்தில் ஒரு நீளக் காகிதத்தை விரித்து, கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் மை ஏறும், விட்ட இடம் தேமல் விழுந்த மாதிரி நிற்கும். அடியில் என்ன நடக்கிறது என்று நடுவில் எட்டிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, தூக்கின காகிதம் திரும்ப அதே இடத்தில் உட்காராது, கோடெல்லாம் இரட்டை இரட்டையாக விழும். ஆகவே எட்டு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செதுக்கியதற்கு என்ன பலன் என்பது கடைசியில் காகிதத்தை உரிக்கிற அந்த ஒரு நொடியில்தான் தெரியும். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டு வாக்கில் பூக்காரி தைலம்மையின் குரல் தெருமுனையில் கேட்கும். சனிக்கிழமை தவறாத குரல். எட்டு மாதமாக இந்த வாசலில் மட்டும் நிற்காத குரல். அது இந்த வாசலைக் கடந்து போவதற்குள் ஒரு கையைத் தேய்த்து முடிக்க வேண்டும், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஆள் அளவுக்கு ஒரு முழுக் கை. தைலம்மையின் கை.

முழங்கை. எல்லா வினையும் இங்கேதான் ஆரம்பித்தது. போன வருஷம் ஏழு படம் செதுக்கினாள். ஏழும் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்பில் பிழைக்கிறவர்கள். கரும்புச்சாறு பிழிகிற சவரிமுத்து, குடை ரிப்பேர் செய்கிற பெரியவர், இஸ்திரி வண்டிக்காரி, சாணை பிடிக்கிறவர், கம்மங்கூழ் விற்கிற அக்கா, பழைய செருப்பு தைக்கிறவர், ஏழாவதாகத் தைலம்மை. பலகையில் செதுக்குவது ஒரு வகை, இது வேறு வகை. வெப்பாலை மரத்தை, வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி, குறுக்கே வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். அந்த வெட்டுமுகத்தை இழைத்துத் தேய்த்தால் தந்தம் தோற்கும். தலைமுடியைவிடச் சன்னமான கோடும் அதில் உடையாமல் நிற்கும். உளி தொட்டது வெள்ளை, தொடாமல் விட்டது கறுப்பு, அவ்வளவுதான் கணக்கு. ஒரே சங்கடம், மரம் எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் படம். தைலம்மைக்கென்று எடுத்த வில்லை ஐந்து அங்குலம் தேறவில்லை. கூடை வந்துவிட்டது, முகம் வந்துவிட்டது, மூக்குத்திகூட வந்துவிட்டது, பூவை அளக்கிற கை மட்டும் மரத்துக்கு வெளியே போயிற்று. வேறு வில்லை எடுத்திருக்கலாம். வில்லையை மாற்றாமல் கையை மாற்றினாள். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் தள்ளி, நகம் விளிம்பில் இடிக்காமல் அடக்கிவிட்டாள். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள், கேட்டால் பார்வைக் கோணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, தலை இத்தனை பங்கு, கை இத்தனை பங்கு என்று பாடம் நடத்துகிறவள், மரத்துக்காக ஒருத்தியின் கையைக் குறைத்தாள். அன்றைக்கு அது அவளுக்குத் தப்பாகவே படவில்லை. படம் அழகாக வந்திருக்கிறது என்று கணவரிடம் காட்டி, அவர் ஒன்றும் சொல்லாததற்குக் கோபித்துக்கொண்டாள்.

தேய், தேய், முழங்கை முட்டியில் இன்னும் நாலு சுற்று. அந்தச் சின்னப் படத்தைச் சும்மா வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏழு படத்தையும் கண்காட்சியில் வைத்தபோது சுவரொட்டி அடிக்க அதில் எது என்று கேட்டார்கள், அவளேதான் தைலம்மையைத் தூக்கிக் கொடுத்தாள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அடித்து, பஸ் ஸ்டாப் சுவரில், தைலம்மையின் கூடைக்கு நேர் மேலே கொண்டுபோய் ஒட்டினார்கள். முதல் இரண்டு நாள் தைலம்மைக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சுவரைக் காட்டினாள். மூன்றாம் நாள் பாரிஜாதம் பூ வாங்கப் போனாள். சலேத்மேரியின் எதிர்வீடு, வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது. போனவள் சுவரைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், "ஏன் தைலம்மை, படத்துலயே ஒன் முழம் குட்டையாத்தான இருக்கு, டீச்சர் கண்ணுக்குத் தப்புமா" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஸ்டாப்பே சிரித்தது. வேடிக்கைப் பேச்சுக்கு டிக்கெட் வேண்டுமா என்ன, எந்த பஸ்ஸிலும் ஏறிப் போகும். வாரம் திரும்புவதற்குள் பாலக்கரை முழுக்கக் 'குட்டை முழம்' என்று பெயராகிவிட்டது. குட்டை முழத்துகிட்ட வாங்காதே, குட்டை முழம் வந்திருக்கா பாரு. முப்பது வருஷமாக அந்த ஒரு கையை நீட்டிப் பிழைத்தவள். சலேத்மேரிக்கு விஷயம் எட்டியது. உடனே ஓடினாள். மன்னிப்புக் கேட்கிற தைரியம் வழியிலேயே கழன்றுவிட, வழக்கம்போல ஒரு முழம் கொடுங்க என்று மட்டும் கேட்டாள். தைலம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒங்களுக்கு வேற எடத்துல நீளமாக் கெடைக்கும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திரும்பப் பேசியிருக்கலாம், அழுதிருந்தால் கையைப் பிடித்திருக்கலாம், இப்படி மரியாதையாகச் சொன்னால் என்னதான் செய்வது. அன்றிலிருந்து சலேத்மேரி தலையில் பூ இல்லை. வேறு இடத்தில் வாங்க மனசு வரவில்லை.

ரேகை ஓடுகிற இடம் வந்துவிட்டது, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கையின் உள்பக்கம், மெல்ல மெல்ல, இங்கே அழுத்தினால் நரம்புக்கோடு மையில் மூழ்கிப்போகும். நார்தான் வழி காட்டியது. மாதா படத்துக்குப் போட்டிருந்த பூச்சரம் ஒன்று காய்ந்து சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த மனஸ்தாபத்துக்கு முந்தின வாரம் வாங்கின சரம். எடுத்துப் போடக் கையை நீட்டினவளுக்குப் பளிச்சென்று பட்டது, இது தைலம்மை கையால் அளந்து, நாரைக் கிள்ளிக் கொடுத்த ஒரு முழம் அல்லவா. சருகை உதிர்த்துவிட்டு நாரை மட்டும் மேஜையில் நீட்டினாள். ஸ்கேல் வைத்தாள். பதினெட்டரை அங்குலம். தன் கையை வைத்துப் பார்த்தாள். சலேத்மேரி நல்ல உயரம், அவள் கையே நார் அளவுக்கு எட்டவில்லை. யாருடைய முழம் குட்டை? வாழைநாரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை வேளையில் மாதா முன்னால் கேவிக் கேவி அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வெறி வந்தது. இந்த அளவுக்கு, ஒரு நூல் குறையாமல், அந்தக் கையைச் செதுக்குவேன், மரம் இல்லை என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். கணவர் அமலதாஸ் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், பேச்சுக் குறைவு, கை சுத்தம். ஏழு வில்லைகளைச் சதுரமாக்கி, ஒன்றோடொன்று பசை போட்டு இறுக்கி, பதினெட்டரை அங்குல நீளத்துக்கு ஒரே கட்டையாகச் சேர்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார், அது எட்டு மாதமாகக் காதில் அரிக்கிறது. இணைப்பு ஆறு இருக்கு மேரி, வெயில் காலத்துல எது வாயைத் தெறக்கும்னு சொல்ல முடியாது. இணைப்பு திறந்தால் படத்தில் வெள்ளைக் கோடு விழும், கையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்த மாதிரி. இப்போது பங்குனி வெயில் கூரை ஓடுகளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. கரண்டி மூன்றாவது இணைப்பின்மேல் போகிறது. விரலால் தடவிப் பார்த்தால் காகிதத்துக்கு அடியில் ஏதோ நெருடுகிற மாதிரி இருக்கிறது. இல்லை, அது தழும்பு. மணிக்கட்டுக்கு மேலே கஞ்சி கொட்டின தழும்பு. தழும்பா, இணைப்பா? தெரியவில்லை, தேய், நிறுத்தாதே.

தோள்பட்டை குடைய ஆரம்பித்துவிட்டது. கரண்டியை இடது கைக்கு மாற்றினாள், மாற்றினதும் இன்னொரு பயம் எழுந்து உட்கார்ந்தது, இடது, வலது. கட்டையில் வலக்கையாகச் செதுக்கினால்தான் காகிதத்தில் இடக்கையாக வரும். தைலம்மை பூ அளப்பது இடக்கையில், அது தெரியும், முப்பது வருஷம் பார்க்காவிட்டாலும் பத்து வருஷமாவது பார்த்திருக்கிறாள். ஆகவே கட்டையில் வலக்கை. வலக்கையில் உள்ளங்கை தெரிய நீட்டினால் கட்டைவிரல் மேலே வருமா, கீழே வருமா? கரண்டி ஓடிக்கொண்டிருக்க, சும்மா இருந்த கையை நீட்டி, திருப்பி, மறுபடி திருப்பி, அறைக்குள் யாரோ பரதநாட்டியம் ஆடுகிற மாதிரி செய்து பார்த்தாள். மேலே. மேலேதான் செதுக்கியிருக்கிறாள். செதுக்கியிருக்கிறாளா? மாசி மாதம் காய்ச்சலோடு உட்கார்ந்து செதுக்கின கட்டைவிரல் அது. இல்லை, கண்ணாடி வைத்துப் பார்த்தாயே, ஒரு தடவைக்கு நாலு தடவை கண்ணாடியில் பார்த்தாயே, பிறகென்ன. பார்த்ததுதான், கண்ணாடியையே தலைகீழாகப் பிடித்திருந்தால்? சலேத்மேரி தன்னைத்தானே ஒரு வசவு வைதுகொண்டாள். வகுப்பில் ஒரு பிள்ளை இந்த மாதிரி கேட்டிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பாள்.

இப்போது கைக்கு அடியில் இருக்கிறவர்கள்மேல் கரண்டி இறங்கியது. கை தனியாக அந்தரத்தில் தொங்கினால் ஆகாது என்று, நீட்டின கைக்குக் கீழே பஸ் ஸ்டாப் முழுவதையும் செதுக்கியிருந்தாள், எல்லாரும் கட்டைவிரல் உயரம்தான். கை மேலே நிழல் மாதிரி நீண்டிருக்க, அடியில் அவரவர் பாட்டுக்கு அவரவர் வேலை. சவரிமுத்துவின் கரும்புச் சக்கரம், அந்த ஒரு சக்கரத்துக்குப் பன்னிரண்டு நாள், ஆரங்கள் ஒவ்வொன்றும் ஒற்றை இழை. சக்கரத்தில் கட்டின மணியைக்கூட விடவில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து தெறிக்கிற பொறிக்கு ஊசி நுனியால் குத்திக் குத்திப் புள்ளி. கூழ்ப்பானை அக்காவின் தட்டில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மிளகாயை எண்ணிப் பார்த்தால் ஒன்பது இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சோற்றுத் தூக்கோடு நிற்கிற ஒருத்தி, யாரென்று தெரியாது, தினம் ஒருத்தி அப்படி நிற்பாள். குடைக்காரர் பக்கத்தில் முதலில் ஒரு நாய் படுத்திருந்தது. வாலில் உளி சறுக்கி வால் போயிற்று, வாலில்லாத நாயை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று அதைக் குடைக்காரரின் துணிப்பையாக மாற்றிவிட்டாள். மறுபடியும் மரத்துக்காக மாற்றின வேலைதான். நாய் கோபித்துக்கொண்டு பேசாமல் போகாது என்கிற தைரியம். இன்னொன்றும் மாற்றியிருந்தாள். பூவை அளக்கும்போது தைலம்மை நாரின் நுனியைப் பிடிமானத்துக்காக விரலுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொள்வாள். அந்த மடிப்பைச் செதுக்கினால் விரல்நுனி தெளிவாக விழாது என்று, சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை நேராக ஓடவிட்டு அங்கேயே முடித்திருந்தாள். அளவு சரியாக இருக்கிறது, மடிப்பு எதற்கு. செவ்வாய்க்கிழமை சாறு குடிக்கப் போனபோது சவரிமுத்துதான் சொன்னார், டீச்சர், பூக்காரம்மா தராசு வாங்கிட்டாங்க, வர்ற திங்கக்கெழமலேர்ந்து கிராம் கணக்குதானாம், கை நீட்டப்போறதில்லையாம். பாதிச் சாற்றோடு கிளாஸை வைத்துவிட்டாள். அப்படியானால் கடைசிச் சனிக்கிழமை இன்றைக்குத்தான். இன்றைக்குத் தாண்டினால் அந்தக் கை இனி யாருக்கும் நீளாது. நீளாமல் போனதற்குக் காரணம் சலேத்மேரியின் ஒரு சின்ன வில்லை.

விரல்கள் தொடங்கின இடத்தில் குரல் கேட்டுவிட்டது. பன்னிரண்டு ஆகவில்லை, பத்து நிமிஷம் இருக்கிறது. மல்லி, முல்லை, கதம்பம் என்று தெருமுனையில், எப்போதும்போல ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனி இழுப்பு. ஐயோ, இன்னும் நாலு விரல் பாக்கி. வேகமாகத் தேய்த்தால் காகிதம் கிழியும், மெதுவாகத் தேய்த்தால் குரல் போய்விடும். முதல் வீட்டில் நின்றிருக்கிறாள், இல்லை, நகர்ந்துவிட்டாள். ஆள்காட்டி விரல் முடிந்தது, மோதிரவிரல் முடிந்தது. மாவு மில் வாசல். சுண்டுவிரல். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால்தான் என்ன என்று ஒரு எண்ணம் நைசாக வந்து நின்றது. பேடி, என்று அதை விரட்டினாள். எட்டு மாதம் முன்பு அந்தக் கூடைக்கு முன்னால் நின்றபோதும் இதே எண்ணம்தானே வந்தது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று. நடுவிரல், நீள விரல், நுனிக்குக் கீழே பிறைபோல ஒரு மெல்லிய ரேகை, அங்கே மட்டும் கட்டைவிரல் நகத்தால் தேய்த்தாள், கரண்டி வேண்டாம். குரல் காலை மிதித்துவிடுகிற மாதிரி பக்கத்தில் கேட்டது. அப்புறம் நின்றது. எதிர்வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. பாரிஜாதம் வந்துவிட்டாள், பாரிஜாதம் பூ வாங்குகிறாள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாரிஜாதத்துக்காக மாதாவுக்கு நன்றி சொன்னாள். விரல்நுனி. நுனிக்கு மேல் ஒரு சுற்று. முடிந்தது.

இரண்டு கையாலும் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தாள். முழங்கைப் பக்கமிருந்து மெல்ல உரித்தாள், சர்ரென்று ஒரு சத்தம், மையிலிருந்து காகிதம் விடுபடுகிற சத்தம், உலகத்தில் அவளுக்கு அதைவிடப் பிடித்த சத்தம் கிடையாது. முட்டி வந்தது, கறுகறுவென்று, ஒரு தேமல் இல்லாமல். நரம்பு வந்தது. தழும்பு வந்தது. மூன்றாவது இணைப்பில் ஒரு வெள்ளை இழை தெரிந்தது, முடியளவு, தெரிந்துவிட்டுப் போகட்டும். சக்கரம் வந்தது, மணி வந்தது, பொறி பறந்தது, ஒன்பது மோர்மிளகாயும் வந்தன. உள்ளங்கை விரிந்தது, கட்டைவிரல் மேலே, மேலேதான், இடக்கைதான், தைலம்மையின் கைதான். மல்லிச்சரம் வெள்ளையாக, மொட்டு மொட்டாக, அந்தக் கறுப்புக் கையின் மேல் முழங்கையிலிருந்து நுனிவரை ஓடியது. சலேத்மேரிக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரித்தாள், தனியாக ஒரு அறையில் நின்றுகொண்டு. நான் செய்தேன், இந்தக் கையால், ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு. சத்தம் கேட்டு அமலதாஸ் எழுந்து வந்து கதவோரம் நின்றார். நம்ம வீட்டுக் கட்டையா இது என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. காகிதத்தை ஈரப்புடவை பிடிக்கிற மாதிரி இரண்டு நுனியிலும் பிடித்துக்கொண்டு, செருப்புப் போடாமல், மைக்கறை பிடித்த நைட்டியோடு தெருவில் இறங்கினாள். டீச்சர் அம்மா நைட்டியோடு தெருவுக்கு வந்தது அந்தச் சந்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை.

பாரிஜாதத்தின் காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவு உயரம், மேலே தட்டையாகச் சிமெண்டு பூசினது. அதன்மேல் படத்தை நீளவாக்கில் வைத்தாள். தைலம்மை அப்போதுதான் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் பூவுக்குப் பக்கத்தில் மஞ்சள் பைக்குள் புதுத் தராசின் விளிம்பு தெரிந்தது. "அக்கா, நான் ஒங்க கையக் கொறச்சுப் போட்டேன். என் தப்பு. இது ஒங்க அளவு" என்றாள் சலேத்மேரி. தைலம்மை கூடையை இறக்கினாள். படத்தைக் குனிந்து பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், கூழ்ப்பானையைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்து அங்கே நின்றாள். பிறகு இடக்கை வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மை ஒட்டாமல் ஒரு நெல்லளவு உயரத்தில், படத்துக் கைக்கு மேல் தன் கையை நீட்டினாள். முழங்கைக்கு முழங்கை பொருந்தியது. மணிக்கட்டு பொருந்தவில்லை. விரல்நுனி வந்து நின்ற இடத்துக்கு அப்பால், படத்து விரல் இன்னும் மூன்று விரற்கடை நீண்டு கிடந்தது. சலேத்மேரி குனிந்து மறுபடி பார்த்தாள். நார் பொய் சொல்லியிருக்காதே, எப்படிக் குறையும்? மறுபடியுமா, இந்தத் தடவை கூட்டிப் போட்டுவிட்டேனா, பாரிஜாதத்தின் கண் முன்னாலேயே, இவள் கை குட்டை என்று பட்டவர்த்தனமாக நிரூபித்துக் கொடுத்துவிட்டேனா. பூமி பிளந்தால் படத்தோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பாரிஜாதம் வாயைத் திறந்தாள், என்னவோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள்.

தைலம்மை அவசரப்படவில்லை. கூடைக்குள் கைவிட்டு மல்லிச் சரத்தை எடுத்தாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் செய்கிற மாதிரி, முழங்கையில் ஒரு முனையை வைத்து, கையோடு ஓட்டி, விரல்நுனிக்குக் கொண்டுபோய், நுனியைத் தாண்டி மடித்து, நடுவிரலின் இரண்டாம் கணுவரை பின்னால் இழுத்துக் கிள்ளினாள். பிடிமானம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்த மடிப்பு அது. கிள்ளின சரத்தைப் படத்தின் மேல் நீட்டிப் போட்டாள். முழங்கை முட்டியில் தொடங்கின சரம், மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையைத் தாண்டி, படத்து நடுவிரலின் நுனியில் போய், ஒரு மொட்டு கூடாமல் ஒரு மொட்டு குறையாமல் நின்றது. சலேத்மேரிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது, பத்து வருஷம் பார்த்த கண் பார்க்காத ஒன்று.

"எங் கை குட்டைதான் டீச்சர்," என்றாள் தைலம்மை. "எனக்குத் தெரியாதா. முழம் குட்டை இல்ல."

பாரிஜாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு சரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தனக்கு வாங்கினது போதாது, இன்னும் இரண்டு முழம் வேண்டும் என்றாள். கிராமா, முழமா என்று தைலம்மை கேட்டாள். முழந்தான், முழந்தான் என்றாள் பாரிஜாதம், தலையைக் குனிந்துகொண்டு. தைலம்மை மஞ்சள் பையைக் கூடையின் அடியில் தள்ளினாள், மருமகன் காய்கறி வண்டிக்கு ஆகும் என்றாள் பொதுவாக. அளந்து கிள்ளிக் கொடுத்துவிட்டு, படத்தின் மேல் கிடந்த சரத்தை எடுத்தாள். ஈர மை பட்டு மொட்டுகளின் அடிப்பக்கம் எல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. இதை இனி யாருக்கும் விற்க முடியாது, எனக்குக் கொடுங்க என்று சலேத்மேரி கையை நீட்டினாள், இரண்டு கையும் மணிக்கட்டு வரை மை. தைலம்மை அந்தக் கைகளைப் பார்த்தாள். பூவைக் கொடுக்கவில்லை. இந்தப் படத்தைச் சுவரில் ஒட்டும்போது கூடைக்கு நேர் மேலேயே ஒட்டச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்து தன் கொண்டை ஊசி ஒன்றை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"திரும்புங்க டீச்சர்," என்றாள், "தலையக் காட்டுங்க."